காரணம்-விளைவு வரைபடம்: நான் பிடித்த பிழையும் நானே போட்ட பிழையும்

அந்த மென்பொருள் பகுதியைச் சோதிக்க நான் எழுதிய டெஸ்ட் கேஸ்கள் 112. அத்தனையும் பாஸ். வெளியீட்டுக்கு முந்தைய நாள் அனுப்பிய அறிக்கையில் பச்சை நிறத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. நிறுவனமே கடைசி நேரத்தில் பயணத்தை ரத்து செய்திருக்கிறது, ஆனால் பயணிகளுக்குப் பணம் திரும்பவில்லை.

நான் அப்போது வேலை பார்த்தது பயணச்சீட்டு முன்பதிவு மென்பொருள் ஒன்றில். என் பொறுப்பில் இருந்தது பணம் திருப்பித் தரும் பகுதி. விதி என்னவோ சிக்கலே இல்லாதது. ஸ்பெக்கில் (தேவைகளை எழுதிவைத்த ஆவணத்தில்) இருந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: “புறப்பட 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும்போது ரத்து செய்தாலோ, நிறுவனமே பயணத்தை ரத்து செய்தாலோ முழுத் தொகையும் திரும்பும். சலுகைச் சீட்டுக்குப் பணம் திரும்பாது. கட்டணத்தைக் கார்டிலும் வாலட்டிலும் கட்டலாம். கட்டிய வழியிலேயே பணம் திரும்பும்.”

மொத்தமே நான்கு வாக்கியம். இதற்கு 112 டெஸ்ட் கேஸ் எழுதியும் ஓட்டை விழுந்தது எப்படி?

குழுவில் இருந்த மூத்த சோதனையாளர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் என் டெஸ்ட் கேஸ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உன் 112-ல எத்தனை கேஸ்ல, நிறுவனம் ரத்து பண்ணினதால மட்டும் பணம் திரும்பணும்?”

அந்த “மட்டும்” எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நிறுவனம் ரத்து செய்வதைச் சோதிக்கப் பதினைந்து கேஸாவது வைத்திருந்தேன். ஆனால் சோதனைத் தரவை உருவாக்கிய ஸ்கிரிப்ட், எல்லாப் பயணத் தேதியையும் “இன்றிலிருந்து ஏழு நாள்” என்றே போட்டுக்கொண்டிருந்தது. அதாவது அந்தப் பதினைந்திலும் 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பணம் திரும்பியது நேரத்தைப் பார்த்துத்தான். நிறுவனம் ரத்து செய்ததா என்று பார்க்கும் வரியில் டெவலப்பர் ஒப்பிட்டிருந்த நிலைக் குறியீடு, மென்பொருள் எப்போதுமே போடாத ஒன்று. அந்த நிபந்தனை ஒரு தடவைகூட உண்மையானதில்லை. இருந்தும் என் பதினைந்து கேஸும் பாஸ்.

அன்று மாலை அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டங்களும் கோடுகளும் போட ஆரம்பித்தார்.

இதற்குப் பெயர் காரணம்-விளைவு வரைபடம். 1970-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் இருந்த வில்லியம் எல்மெண்டார்ஃப் உருவாக்கியது. 1973-இல் அவருடைய தொழில்நுட்ப அறிக்கை வந்தது. கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-இல் வெளியிட்ட சோதனை பற்றிய புத்தகம் அதைப் பரவலாக்கியது. யோசனையின் வேர் வன்பொருளில் இருக்கிறது. லாஜிக் சர்க்யூட்டில் எந்தக் கம்பி பழுது என்று கண்டுபிடிக்க உள்ளீடுகளை எப்படிக் கொடுப்பார்களோ, அதே கணக்கை ஸ்பெக்கில் இருக்கும் வாக்கியங்களுக்குப் போட்டுப் பார்ப்பது. (ஜப்பானியத் தர வல்லுநர் இஷிகாவாவின் மீன்முள் படத்துக்கும் காரணம்-விளைவுப் படம் என்றே பெயர் உண்டு. அது நடந்துவிட்ட கோளாறுக்கு மூலம் தேடுவது. இது வேறு. ஒரு கூட்டத்தில் நான் இதைப் பற்றிப் பேச எழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் பலகையில் மீனின் முதுகெலும்பை வரைந்து முடித்துவிட்டார்.)

வரையும் முறை இதுதான். உண்மை அல்லது பொய் என்று மட்டும் சொல்லக்கூடிய ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு காரணம். தாளின் இடப்பக்கம் வட்டமாகப் போடவேண்டும். மென்பொருள் வெளியே காட்டும் ஒவ்வொன்றும் ஒரு விளைவு, அது வலப்பக்கம். நடுவில் இணைப்புகள்: எல்லாமே வேண்டும் என்றால் “உம்”, ஏதாவது ஒன்று போதும் என்றால் “அல்லது”, தலைகீழ் என்றால் கோட்டின் மேல் ஒரு நெளிவு. தேவைப்பட்டால் நடுவில் இடைநிலை வட்டங்கள்.

எங்கள் விதிக்கு வந்த காரணங்கள் ஐந்து. கா1: புறப்பட 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கிறது. கா2: ரத்து செய்தவர் பயணி. கா3: ரத்து செய்தது நிறுவனம். கா4: சலுகைச் சீட்டு. கா5: கார்டில் கட்டியது. விளைவுகள் நான்கு. வி1: கார்டுக்குப் பணம். வி2: வாலட்டுக்குப் பணம். வி3: “சலுகைச் சீட்டுக்குப் பணம் திரும்பாது” என்ற செய்தி. வி4: “நேரம் கடந்துவிட்டது” என்ற செய்தி.

கோடு போட ஆரம்பித்ததும் பேனா நின்றது. கா4-இலிருந்து வரும் கோட்டை எங்கே சேர்ப்பது? சலுகைச் சீட்டு வைத்திருப்பவரின் பயணத்தை நிறுவனமே ரத்து செய்தால் பணம் உண்டா, இல்லையா? ஸ்பெக்கை இரண்டு விதமாகவும் படிக்கலாம். வாசிக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. வாக்கியம் சுமுகமாக ஓடிவிடுகிறது. ஆனால் கோட்டை ஏதாவது ஒரு வட்டத்தில் முடித்தாகவேண்டும். எனக்கு இந்த வரைபடத்தின் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். தேவைகளை எழுதியவரிடம் கேட்டோம். “இதை யாரும் கேட்கவே இல்லையே” என்றார். பதில் வர மூன்று நாள் ஆனது: நிறுவனம் ரத்து செய்தால் சலுகைச் சீட்டுக்கும் பணம் உண்டு. டெவலப்பர் இல்லை என்று நினைத்து எழுதியிருந்தார். நான் அதைச் சோதிக்கவே இல்லை.

இரண்டாவது நிறுத்தம் கட்டண வழியில். “கார்டிலும் வாலட்டிலும் கட்டலாம்” என்றால் ஏதாவது ஒன்றிலா, பாதி இதிலும் பாதி அதிலுமா? தமிழில் “உம்” இரண்டையும் தாங்கும். நல்லவேளை, ஒரே வழியில்தான் கட்டமுடியும் என்றார்கள். அதனால் கா5 ஒன்றே போதும். பொய் என்றால் வாலட்.

மூன்றாவது, பயணி சலுகைச் சீட்டையே, அதுவும் நேரம் கடந்த பிறகு ரத்து செய்தால் எந்தச் செய்தி வரவேண்டும்? இரண்டுமா, ஒன்றா? சலுகைச் செய்தி மட்டும் போதும் என்று முடிவானது.

இத்தனையும் ஒரு டெஸ்ட் கேஸ்கூட எழுதுவதற்கு முன்னால்.

கடைசியில் வந்த படம் இது. கா1 உண்மை, கா4 பொய் – இரண்டும் சேர்ந்தால் இடைநிலை வட்டம் ஒன்று. அதற்கு “பயணி கேட்டாலும் கிடைக்கும்” என்று பெயர் வைத்தோம். அதுவோ கா3-ஓ உண்மையானால் இரண்டாவது வட்டம், “பணம் திரும்பவேண்டும்.” அதோடு கா5 சேர்ந்தால் வி1, கா5 பொய்யானால் வி2. கா2-உம் கா4-உம் சேர்ந்தால் வி3. கா2 உண்மை, கா1 பொய் என்றால் வி4. இடைநிலை வட்டங்களுக்கு எண் போட்டுவிட்டுப் போகாமல், வாயால் சொல்லக்கூடிய பெயர் வையுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அங்கே இரண்டு விதிகள் குழம்பிக் கிடக்கின்றன.

அடுத்தது கட்டுப்பாடுகள். எந்தக் காரணங்கள் ஒன்றாக வரமுடியும், எவை வரமுடியாது என்பதைப் புள்ளிக்கோடு போட்டு ஒரு ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். அதிகபட்சம் ஒன்றுதான் உண்மையாகலாம் என்றால் இ. ஒன்றாவது உண்மையாக இருந்தாகவேண்டும் என்றால் ஐ. சரியாக ஒன்றே ஒன்று என்றால் ஓ. இது இருக்கவேண்டுமானால் அது இருக்கவேண்டும் என்றால் ஆர். இவை நான்கும் காரணங்களுக்கு. எம் மட்டும் விளைவுகளுக்கு: ஒரு விளைவு வந்தால் இன்னொன்றை மறைக்கும். எங்கள் படத்தில் வி3 வந்தால் வி4 மறையும், அதனால் அங்கே எம். ரத்து செய்தது பயணியா நிறுவனமா என்பதில் ஒருவர்தான் இருக்கமுடியும், அதனால் கா2-க்கும் கா3-க்கும் நடுவில் ஓ. அந்த ஓ-வைப் போட்டது நான். இந்தக் கோட்டுக்குத் திரும்ப வருகிறேன்.

ஐந்து காரணங்களுக்கு 32 சேர்க்கைகள். ஓ போட்டதும் அது 16 ஆகிறது. அதையும் குறைப்பதற்கு விளைவிலிருந்து பின்னோக்கி நடக்கவேண்டும். இங்கேதான் அந்த “மட்டும்” வருகிறது. “அல்லது” வட்டம் உண்மையாக வேண்டுமென்றால் உள்ளே வரும் கோடுகளில் ஒன்றை மட்டும் உண்மையாக்க வேண்டும். இரண்டையும் உண்மையாக்கினால் ஒன்று செத்திருப்பதை மற்றொன்று மறைத்துவிடும். என் பதினைந்து கேஸிலும் பிழை அப்படித்தான் மறைந்துபோனது. “உம்” வட்டம் பொய்யாக வேண்டுமென்றால் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகப் பொய்யாக்கிப் பார்க்கவேண்டும். எல்லாமே பொய் என்பதற்கு ஒரு கேஸ் போதும்.

நடந்து முடித்ததும் தாளில் இருந்தவை ஏழு:

1. 24 மணி நேரத்துக்கு மேல், பயணி ரத்து, சாதாரணச் சீட்டு, கார்டு – கார்டுக்குப் பணம்.
2. அதே நிலை, வாலட் – வாலட்டுக்குப் பணம்.
3. நேரம் கடந்தது, நிறுவனம் ரத்து, சாதாரணச் சீட்டு, கார்டு – கார்டுக்குப் பணம்.
4. 24 மணி நேரத்துக்கு மேல், நிறுவனம் ரத்து, சலுகைச் சீட்டு, வாலட் – வாலட்டுக்குப் பணம்.
5. நேரம் கடந்தது, பயணி ரத்து, சாதாரணச் சீட்டு, கார்டு – நேரச் செய்தி.
6. 24 மணி நேரத்துக்கு மேல், பயணி ரத்து, சலுகைச் சீட்டு, வாலட் – சலுகைச் செய்தி.
7. நேரம் கடந்தது, பயணி ரத்து, சலுகைச் சீட்டு, கார்டு – சலுகைச் செய்தி மட்டும்.

மூன்றாவதையும் நான்காவதையும் பாருங்கள். பணம் திரும்பவேண்டிய காரணம் நிறுவனம் ரத்து செய்தது ஒன்றுதான். வேறு வழியில் திரும்பவே முடியாது. பழைய நிரலில் ஓட்டிப் பார்த்தோம், இரண்டும் ஃபெயில். 112-க்குச் சிக்காதது ஏழில் இரண்டுக்குச் சிக்கியது. “24 மணி நேரத்துக்கு மேல், நிறுவனம் ரத்து, சாதாரணச் சீட்டு” என்ற சேர்க்கை இந்த ஏழில் இல்லவே இல்லை. நான் பதினைந்து தடவை எழுதியிருந்தது அதைத்தான்.

விமான மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த யோசனை பழக்கமாக இருக்கும். டிஓ-178சி தரநிலையில் மிக ஆபத்தான வகை மென்பொருளுக்கு, ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக முடிவை மாற்றுகிறது என்று காட்டியாகவேண்டும். அது நிரலுக்குள் இருந்து பார்ப்பது, இது ஸ்பெக்கிலிருந்து பார்ப்பது. கேள்வி ஒன்றேதான்: இந்தக் கம்பிக்கு உயிர் இருக்கிறதா?

பழைய 112 கேஸையும் தூக்கிப் போட்டோமா என்றால், இல்லை. “24 மணி நேரமோ அதற்கு மேலோ” என்பதில் 24:00:00-உம் 23:59:59-உம் எங்கே விழும் என்று வரைபடத்துக்குத் தெரியாது. அதற்குக் கா1 வெறும் உண்மை அல்லது பொய். எல்லை மதிப்புகளைத் தனியாகப் பார்த்துத்தான் ஆகவேண்டும், நேர மண்டலத்தையும் சேர்த்து. கா1 உண்மை என்று வரும் ஒரு கேஸில் சரியாக 24 மணி நேரத்தையும், பொய் என்று வரும் ஒன்றில் ஒரு நொடி குறைவையும் போட்டுவிட்டால் கூடுதல் கேஸ் இல்லாமலே அந்த வேலையும் முடியும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

சரி, அந்த ஓ.

ஏழெட்டு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல். சில சீட்டுகளுக்குப் பணம் இரண்டு முறை திரும்பியிருக்கிறது. பதிவுகளை நோண்டினோம். பயணி காலையில் சீட்டை ரத்து செய்திருக்கிறார், பணம் போய்விட்டது. அதே பயணத்தை நிறுவனம் மாலையில் ரத்து செய்கிறது. இரவில் தானாக ஓடும் ஜாப், அந்தப் பயணத்தில் இருந்த எல்லாச் சீட்டையும் எடுத்துப் பணம் அனுப்புகிறது. காலையில் ரத்தான சீட்டையும் சேர்த்து.

இதற்கு டெஸ்ட் கேஸ் ஏன் இல்லை? நான்தான் “ஒருவர்தான் ரத்து செய்யமுடியும்” என்று கோடு போட்டு மற்றப் பதினாறு சேர்க்கைகளை அழித்துவிட்டேனே. கா2, கா3 இரண்டும் பொய்யான எட்டை அழித்தது சரி. இரண்டும் உண்மையான எட்டு நிஜ உலகில் இருந்தது. ரத்து என்ற ஒரு செயலை எடுத்தால் ஒருவர்தான் செய்யமுடியும், அதில் நான் சொன்னது சரி. ஆனால் சீட்டுக்கு ஒரு நாள் முழுக்க ஆயுள் இருக்கிறது. வரைபடத்துக்கு முன்பு, பின்பு என்று எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே நொடியில் நடப்பதாகத்தான் அது பார்க்கும்.

முதல் பிழை எனக்கு வெட்கம் தந்தது என்றால், இது கொஞ்சம் பயத்தையே தந்தது. முதலாவதில் எனக்கு முறை தெரியாது. இதில் முறை தெரிந்து, ஒழுங்காகக் கையாண்டு, அந்த ஒழுங்கினாலேயே ஓட்டை. படம் அழகாக இருந்ததால் மறு ஆய்வில் யாரும் புள்ளிக்கோட்டைக் கேள்வி கேட்கவில்லை. ஏழு கேஸ் என்ற எண்ணிக்கையில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அதன்பின் என் பழக்கங்கள் சில மாறின. முதலாவது, கட்டுப்பாடு ஒவ்வொன்றையும் உடைக்க ஒரு டெஸ்ட் கேஸ் எழுதுகிறேன். “இரண்டும் சேர்ந்து வரவே வராது” என்றால், வரவைக்க முயல்வேன். திரையில் முடியாவிட்டால் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) வழியாக, அதிலும் முடியாவிட்டால் இரவு ஜாப் வழியாக. மென்பொருள் தடுக்கிறதா, அல்லது நாம்தான் தடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமா என்பது அப்போது தெரிந்துவிடும். ஆர் வகைக் கட்டுப்பாட்டில் இது இன்னும் சுவாரஸ்யம். “இது இருக்கவேண்டுமானால் அது இருக்கவேண்டும்” என்பதைப் பெரும்பாலும் திரையின் ஒரு பட்டன் மட்டுமே காவல் காத்துக்கொண்டிருக்கும்.

காரணம் எழுதும்போது “எந்த நொடியில்?” என்றும் கேட்டுக்கொள்கிறேன். வரிசை முக்கியம் என்று தெரிந்தால் முதலில், எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகிறது என்று அம்பு போட்டுக் காட்டும் நிலை மாற்றப் படம், அதில் ஒவ்வொரு அம்புக்கும் தேவைப்பட்டால் ஒரு குட்டி காரணம்-விளைவு வரைபடம். திரும்ப வரைந்தபோது எங்கள் படத்தில் கா6 வந்தது: இந்தச் சீட்டுக்கு ஏற்கெனவே பணம் திரும்பிவிட்டது.

அளவையும் சொல்லவேண்டும். ஒரு தாளுக்கு ஏழெட்டுக் காரணத்துக்கு மேல் நான் போடுவதில்லை. ஒருமுறை ஆர்வக்கோளாறில் முழு முன்பதிவுப் பகுதியையும் ஒரே படத்தில் வரைந்தேன். 23 காரணங்கள். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய், மறுநாள் காலையில் வரைந்த எனக்கே புரியவில்லை. ஒரு விளைவை எடு, அதைத் தொடும் காரணங்களை மட்டும் வரை, அடுத்த விளைவுக்குப் போ. படத்துக்குப் பென்சிலும் தாளும் போதும். அழித்து எழுதுவதுதான் வேலையில் பாதி. முடிந்ததும் முடிவு அட்டவணையாக (எந்தச் சேர்க்கைக்கு எந்த விளைவு என்ற பட்டியலாக) மாற்றி ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுவிடலாம். விதி மாறும்போது அட்டவணையை மட்டும் திருத்தும் சபலம் வரும். படத்தைத் திருத்தாமல் விட்டால் அடுத்த ஆறு மாதத்தில் அது யாரும் நம்பாத தாளாகிவிடும்.

எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது. வெறும் கணக்கு போடும் பகுதி, திரை வரிசை, நிபந்தனைகள் ஒன்றை ஒன்று தொடாத படிவம் – இங்கெல்லாம் வரைவது நேர விரயம். பிரவுசர், சாதனம், மொழி போன்ற தொடர்பில்லாத அமைப்புகளைச் சேர்த்துப் பார்க்க, இரண்டிரண்டாகச் சேர்த்துச் சோதிக்கும் ஜோடிச் சோதனை போதும். நான் இதை எடுப்பது ஸ்பெக்கில் “ஆனால்”, “தவிர”, “அல்லாமல்” என்ற சொற்கள் ஒரே பத்தியில் இரண்டு மூன்று தடவை வரும்போது. பணம், அனுமதி, தகுதி சம்பந்தப்பட்ட விதிகளில் அவை வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, படத்தை டெவலப்பரோடு உட்கார்ந்து வரைவது. முன்பெல்லாம் தனியாக வரைந்து, முடித்துக் காட்டுவேன். அவர் தலையாட்டுவார். சேர்ந்து வரைந்தால் தலையாட்ட முடியாது. பேனா அவர் கையில் இருக்கும். “இந்தக் கோடு இங்கேதானே வரும்?” என்று அவர் ஒரு வட்டத்துக்கும், “இல்லையே” என்று நான் இன்னொன்றுக்கும் இழுத்த நாட்களில், நிரல் எழுதுவதற்கு முன்பே பக் பிடிபட்டிருக்கிறது.

அந்தப் பழைய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓ-வின் மேல் சிவப்பில் ஒரு குறுக்குக்கோடு போட்டிருக்கிறேன். அதன்பின் வரைந்த தாள்களில் ஒவ்வொரு புள்ளிக்கோட்டின் பக்கத்திலும் சின்னதாக இரண்டு விஷயம் எழுதியிருக்கும்: இது நடக்காது என்று யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பெயரே வந்தால் எழுந்து போய் வேறு யாரிடமாவது கேட்டுவிட்டு வருவேன்.